ஒண்ணு எனக்க அப்பாக்க வெளக்கு: படமும் குரலும் எழுத்தும் சேர்ந்தால் அதை எழுதியது யார்?

கரை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கரை ஊரில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ராத்திரி" என்று தலைப்புக் கொடுத்து, நாளைக்கு எதையாவது செய்து கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தேன். எழுத வருகிற பிள்ளைகள் ஐந்தாறு வரி எழுதி வந்தார்கள். நிலா குளிர்ச்சி தரும், நட்சத்திரங்கள் மின்னும், பாட்டி கதை சொல்வார். எழுத்துப்பிழை இல்லை. ஆனால் எட்டுப் பிள்ளைகளின் ராத்திரியும் ஒரே ராத்திரியாக இருந்தது.

ஒரு பையன் மட்டும் எழுதவில்லை. அவன் இன்னும் அரும்பு நிலைதான். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறோம், வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் ஒரு தாளைக் கொண்டுவந்தான். முதலில் தாள் முழுக்க மஞ்சள் கிரேயான் பூசியிருக்கிறான். அதன்மேல் கறுப்பை அமுக்கி அமுக்கித் தேய்த்திருக்கிறான். விரல் நகத்துக்குள் எல்லாம் கறுப்பு. பிறகு தென்னை ஈர்க்கால் கறுப்பைச் சுரண்டிச் சுரண்டிப் புள்ளி வைத்திருக்கிறான். இடது பக்கம் பதினொரு புள்ளி கிட்டக்கிட்ட. வலது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி, தனியாக, கொஞ்சம் பெரிதாக.

இது என்ன மக்களே என்று கேட்டேன். தனிப் புள்ளியில் விரலை வைத்துக்கொண்டு சொன்னான். போனில் பதிவு செய்ததை அப்படியே தருகிறேன்: "எனக்க அப்பா வள்ளத்துல பெய்யாச்சு. வெளக்கு தெரியிது. எல்லாம் வெளக்கு. ஒண்ணு எனக்க அப்பாக்க வெளக்கு."

வகுப்புப் பலகையில் ஒட்டுவதற்காக நான் அதை நல்ல தமிழில் கீழே எழுதினேன்: "என் அப்பா இரவில் படகில் மீன் பிடிக்கச் சென்றார். கடலில் விளக்குகள் தெரிகின்றன." அவன் பக்கத்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "அது எனக்க இல்ல டீச்சர்" என்றான்.

அன்று சாயங்காலம்தான் எனக்கே புரிந்தது, அவன் சொன்ன கடைசி வரியை நான் விட்டேவிட்டேன். அந்தப் படம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வகுப்பைப் பார்க்க வந்த ஒருவர் பலகையைப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு, இவன் எழுதினது எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. படம் அவனுடையது, குரல் அவனுடையது, எழுத்து என்னுடையது. அப்படியென்றால் இதை எழுதியது யார்? இதை எழுத்தறிவுக் கணக்கில் சேர்க்கலாமா, கூடாதா?

மூணாம் கிளாஸ் அம்மா

டீச்சர், வாசித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒரு அம்மாவாக எனக்கு உள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் அழகாக வரைவாள், கதை சொல்லச் சொன்னால் அரைமணி நேரம் சொல்வாள். நோட்டில் நாலு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போகவேண்டும். அங்கே யாரும் போனை நீட்டி "சொல்லு மக்களே" என்று கேட்கப்போவதில்லை. பத்தாம் வகுப்புத் தாளில் படம் வரைந்தால் ஜெயிக்க முடியுமா? எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்து வராமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு தலைமையாசிரியர், தக்கலை

அந்த அம்மா சொன்னதில் நான் நிற்கிறேன். நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எழுத்து சும்மா கிடைத்துவிடவில்லை. 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில், எழுத்தைத் தொடவே விடாமல் வைக்கப்பட்டிருந்த சாதிகளின் பிள்ளைகள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்காகப் பட்ட பாட்டின் பலன்தான் 2011 கணக்கெடுப்பில் நாம் எழுத்தறிவில் 91.75 சதவீதம் நின்றது. மாநிலம் அப்போது 80.09. "படமும் ஒரு எழுத்துதான், குரலும் ஒரு எழுத்துதான்" என்று சொல்லி, கடல்கரைப் பிள்ளைக்கும் மலைப் பிள்ளைக்கும் எழுத்தைக் கொடுக்காமல் விட்டுவிட ஒரு வழி திறந்துவிடக் கூடாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் எழுதக் கற்றுக்கொள்ளும்.

ஆனால் டீச்சர், அந்தப் பிள்ளை "அது எனக்க இல்ல" என்று சொன்னது மிகப் பெரிய விஷயம். முப்பத்துநாலு வருஷம் வகுப்பெடுத்திருக்கிறேன். நான் திருத்திக் கொடுத்த எதையும் "இது என்னுடையது இல்லை" என்று ஒரு பிள்ளைகூட என்னிடம் சொன்னதில்லை. சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உங்கள் வகுப்பில் தெரிந்திருக்கிறது.

பி.எட். மாணவி, நாகர்கோவில்

இதே கேள்வி எங்கள் செமினாரில் வந்தது, அதனால் படித்ததைப் பகிர்கிறேன். குந்தர் கிரெஸ் என்ற மொழியியலாளர் 1997-இல் எழுதிய நூலில் ஒரு மூன்று வயதுப் பையனின் படம் வரும். அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டு வட்டம் வட்டமாகப் போடுகிறான். இது சக்கரம், இங்கே இன்னும் இரண்டு சக்கரம் என்று சொல்லிக்கொண்டே ஏழு வட்டம் போட்டுவிட்டு, இது கார் என்கிறான். அந்த வயதில் அவனுக்கு கார் என்றால் முதலில் சக்கரம்தான். சக்கரத்துக்கு வட்டம் பொருத்தம். தனக்கு எது முக்கியமோ அதைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பொருத்தமான வடிவத்தை அவனே உண்டாக்குகிறான். கிறுக்கல் என்று நாம் தள்ளுவதில் இவ்வளவு முடிவுகள் இருக்கின்றன என்பதுதான் கிரெஸ் காட்டுவது.

அவரும் சேர்ந்து பத்துப் பேர் 1994 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நியூ லண்டன் என்ற ஊரில் கூடிப் பேசினார்கள். 1996-இல் கட்டுரையாக வந்தது. எழுத்தறிவு என்பதை ஒருமையில் சொன்னால் போதாது, பன்மையில் சொல்லவேண்டும் என்றார்கள். சொல், படம், ஒலி, உடலசைவு, இடம் என்று பொருள் உண்டாக்கும் வழிகள் பல, பெரும்பாலும் அவை சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்றார்கள். வடிவமைப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். கைக்குக் கிடைப்பதை எடுக்கிறோம், அதை வைத்து ஒன்றைச் செய்கிறோம், செய்து முடித்ததும் அது முன்பு இல்லாத ஒன்றாகிறது. செய்தவரும் கொஞ்சம் மாறிவிடுகிறார்.

தலைமையாசிரியர் சார், அவர்கள் எழுத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர்களின், வேறு மொழி பேசுகிறவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பின்தங்குவதைப் பார்த்துத்தான் அந்தப் பேச்சே தொடங்கியது. நீங்கள் சொல்லும் கவலைதான் அவர்களுடையதும்.

இன்னொன்று டீச்சர். அவன் குரலில் இல்லாத ஒன்று படத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? அப்பா விளக்கு மற்ற விளக்குகளைவிட்டுத் தள்ளி இருக்கிறது என்று அவன் வாயால் சொல்லவில்லை. படம் சொல்கிறது. அதேபோல, அந்தத் தனிப் புள்ளி யாருடையது என்று படம் சொல்லாது, குரல்தான் சொல்லவேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது பாதியாகிவிடும்.

கரை டீச்சர்

இதை வாசித்துவிட்டு இன்று அவனிடம் கேட்டேன், ஏன் அப்பா விளக்கு தள்ளி இருக்கு என்று. "அப்பா தெக்க பெய்யிருக்கு. அங்கதான் கணவா கெடைக்கும்" என்றான். ராத்திரி மொட்டைமாடியில் அம்மாவோடு நின்று பார்ப்பானாம். எது அப்பா விளக்கு என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா சொல்லுவா என்றான்.

வில்லடி ரசிகன், அகஸ்தீஸ்வரம்

கல்வி விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் "எழுதியது யார்" என்ற கேள்வியைப் பார்த்ததும் எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாதான் ஞாபகம் வந்தது. சின்ன வயதிலிருந்து வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். ஏட்டில் கதை இருக்கும். ஏட்டை மட்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள், சில இடத்தில் ஒன்றுமே இருக்காது. "மாடன் வாறான்" என்று ஒரு வரிதான். அந்த இடத்தில் உடுக்கை ஏறும், குடத்தில் அடி மாறும், புலவர் வீசுகோலை நாணில் போட்டுவிட்டு ஒரு கணம் சும்மா இருப்பார். பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். முன்னால் இருக்கிற கூட்டத்தில் யாருக்கோ உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். மாடன் வருவது அந்த இடத்தில்தான். ஏட்டில் இருப்பது அதற்கான குறிப்பு மட்டும்.

அப்போது அந்தக் கதையை ஆக்கியது யார்? ஏடு எழுதியவரா, புலவரா, குடக்காரரா? எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. "இன்னாருக்க வில்லு" என்பார்கள், அதில் ஐந்தாறு பேரும் அடக்கம். அதனால் டீச்சர் எழுதிக் கொடுத்தது தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சர் பின்பாட்டுப் பாடியிருக்கவேண்டும், முன்பாட்டை எடுத்துக்கொண்டுவிட்டார். "ஆமா" போடுகிறவர் கதையை மாற்றமாட்டார். கேட்டது சரியாகக் கேட்டது என்று எல்லாருக்கும் தெரியும்படி செய்வார், அவ்வளவுதான்.

பேச்சிப்பாறை மேலே

நான் மலையில் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று வருஷமாகக் குரலைப் பதிவு செய்து வகுப்பில் பயன்படுத்துகிறேன், அதில் நான் செய்த தப்புகளைச் சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

முதல் தப்பு, கேள்வி கேட்டுக்கொண்டே பதிவு செய்தது. "அப்புறம் என்ன ஆச்சு? யானை வந்ததா? நீ பயந்தியா?" என்று நான் கேட்க, பிள்ளை ஆமா ஆமா என்று சொன்னது. போட்டுக் கேட்டால் கதை முழுக்க என்னுடையது. பிள்ளையின் குரல் மட்டும் அதில் இருந்தது. இப்போது ஒரு கேள்வி கேட்டால் நிறுத்திவிடுவேன். பிள்ளை ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை. கஷ்டம்தான், ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகுதான் உண்மையான விஷயம் வரும்.

இரண்டாவது, போனில் படம் போடும் செயலி. சொன்னால் படம் வரைந்து தரும் என்றார்கள். ஒரு பிள்ளை "எங்க வீடு" என்றது. ஓட்டுக்கூரை, புகைபோக்கி, முன்னால் வேலி போட்ட புல்வெளி என்று எங்கேயோ இருக்கிற வீடு வந்தது. பிள்ளைக்குச் சந்தோஷம், அதைத்தான் பலகையில் போடவேண்டும் என்று அடம். அடுத்த வாரம் கையால் வரையச் சொன்னபோதும் அதே புகைபோக்கி வந்தது. அதற்குப் பிறகு அதை வகுப்பில் எடுப்பதில்லை. பெரிய பிள்ளைகளுக்கு வேறு மாதிரி இருக்கலாம். தன் வீட்டை இன்னும் ஒருமுறைகூட வரைந்து பார்க்காத பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு.

மூன்றாவது தப்பில்லை, ஒரு வழக்கம். பதிவு செய்ததை யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று பிள்ளையிடம் கேட்பேன். சில நேரம் "அம்மைக்கு மட்டும்" என்று சொல்லும். அதோடு சரி.

தோஹா குளச்சல்காரன்

இந்த இழையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முழுசாக வாசித்தேன். அப்பா வளைகுடாவுக்குப் போனது 1980-களில். உம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா வந்து எழுதித் தருவார். உம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், கடைசியில் வாசித்துக் காட்டுவார். உம்மா சில இடத்தில், "நான் அப்பிடிச் சொல்லேல்லியே" என்பார். அக்கா அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். அடித்த இடங்களோடுதான் கடிதம் போகும்.

கூடவே கேசட் போகும். ஒரு பக்கம் உம்மா பேசுவார், மறுபக்கம் நாங்கள். பின்னால் கோழி கூவும், பள்ளிவாசல் பாங்கு கேட்கும். அந்தப் பாங்கு வரும் இடத்தை அப்பா ஓட்டி ஓட்டித் திரும்பக் கேட்பாராம், பிறகு சொன்னார். அப்புறம் ஒரு தாளில் தங்கச்சியின் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புவார் உம்மா, செருப்பு வாங்கி வர அளவுக்காக. ஒவ்வொரு வருஷமும் ஒரு கால். அப்பா அதையெல்லாம் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர் பார்க்காமலே வளர்ந்த பிள்ளை வளர்ந்தது அந்தத் தாள்களில் இருக்கிறது.

உம்மாவை எழுத்தறிவில்லாதவர் என்றுதான் கணக்கெடுக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கடிதம், கேசட், கால் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவர் எழுதியது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் தலைமையாசிரியர் சொல்வதும் சரி. அக்கா இல்லாத நாளில் உம்மாவால் ஒரு வரி எழுத முடியவில்லை. அந்தக் குறை சாகும்வரை அவருக்கு இருந்தது. அந்தப் பையனுக்கு அது வரக்கூடாது டீச்சர்.

ஓய்வு தலைமையாசிரியர், தக்கலை

தம்பி, உங்கள் உம்மா கடிதத்தைத் திருத்தவைத்த விதம்தான் எனக்குப் பாடம். கரை டீச்சர், ஒரு யோசனை. அவன் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதிக் கொடுங்கள், "எனக்க", "அப்பாக்க", "வெளக்கு" எல்லாம் அப்படியே. தான் சொன்னது என்பதால் அவனுக்கு அது மனப்பாடம். தெரிந்த வரியை எழுத்தில் தேடுவது சுலபம். தெரியாத வரியைத் தெரியாத எழுத்தில் தேடச் சொல்லித்தான் நாம் பிள்ளைகளைத் தோற்கடிக்கிறோம். வாசிக்க வந்தபிறகு பக்கத்தில் புத்தக வரியை எழுதுங்கள். "வெளக்கு" அவன் வரியில், "விளக்கு" புத்தக வரியில். இரண்டையும் அவன் அறியட்டும். புத்தக வரியைத் தள்ளிப்போடலாம், தராமல் விடக்கூடாது. இதில் மட்டும் நான் இறங்கிவரமாட்டேன்.

மூணாம் கிளாஸ் அம்மா

நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். மகள் வரைந்த படத்தைப் பற்றி அவள் சொன்னதை நான் அப்படியே எழுதினேன். எழுதும்போது கை தானாகத் திருத்தப் போகிறது, அதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. முடித்ததும் அவள் நோட்டைப் பிடுங்கி, "இந்த வார்த்தையை நான் எழுதுகேன்" என்று ஒன்றை அடித்துவிட்டு அவளே எழுதினாள். தப்பாகத்தான் எழுதினாள். பென்சிலைக் கடிக்கவில்லை.

கரை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நான்கு நாளாக நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய தாளைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் குரலை ஹெட்போனில் அவனுக்கே போட்டுக் காட்டி, அவன் முன்னாலேயே நாலு வரியையும் அவன் சொன்னபடி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, சரியா என்று கேட்டேன். மூன்றாவது வரியில் "எல்லாம் வெளக்கு" என்று எழுதியதும், அதை எடுத்துவிடச் சொன்னான். ஏன் என்றேன். "அது படத்துல இருக்கு" என்றான். பி.எட். மாணவி சொன்னதை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். எடுத்துவிட்டேன்.

பிறகு "வெளக்கு" என்ற சொல்லில் நின்றுவிட்டான். ஒற்றைக்கொம்பைக் காட்டி, "இது எதுக்கு முன்ன நிக்குது? வாயில பின்னதானே வருது" என்று கேட்டான். இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. உண்மைதான். வ்-க்குப் பிறகு எ ஒலிக்கிறது, கண்ணுக்கு எ-யின் அடையாளம்தான் முதலில் வருகிறது. "கொ" எழுதினால் இரண்டு பக்கமும் நிற்கும், "கு" எழுதினால் கீழே தொங்கும். நம் எழுத்தில் ஒலியை இடத்தை வைத்துத்தான் படிக்கவேண்டியிருக்கிறது. புள்ளியை எங்கே வைப்பது என்று அவ்வளவு யோசித்த பிள்ளைக்கு அது உடனே கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளுக்கும் அன்று கொம்பையும் காலையும் இடம் மாற்றி மாற்றி வைக்கும் விளையாட்டாகவே பாடம் போய்விட்டது. ஓலையில் எழுதிய காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினார்கள் என்றும் சொன்னேன். ஈர்க்கால் தாளைக் கிழித்த அனுபவம் உள்ளவன், தலையாட்டினான்.

நேற்று அவன் "அப்பா" என்ற சொல்லைத் தானாக எழுதினான். இன்று "ஒண்ணு". இரண்டு சுழி ன-வா மூன்று சுழி ண-வா என்று என்னிடம் கேட்டு, எண்ணிப் போட்டான். புத்தக வரியை இன்னும் தரவில்லை சார், அடுத்த வாரம் தருவேன், வாக்கு.

வந்து கேட்டவருக்கு என்ன பதில் சொல்வது என்பதும் ஒருவாறு தெளிந்திருக்கிறது. பலகையில் மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். படம், அதன் கீழே அவன் வரிகள், ஓரத்தில் "கேட்க விரும்பினால் டீச்சரிடம் போன் இருக்கிறது" என்று ஒரு சீட்டு. எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர். "சொல்லக் கேட்டு எழுதியது" என்ற இடத்தில் என் பெயர், சின்னதாக. இரண்டு சொல் அவன் கையால் எழுதியது என்பதால் அந்த இரண்டையும் என் எழுத்தின்மேல் ஒட்டியிருக்கிறோம். நாளைக்கு மூன்றாவது சொல் வரும் என்று சொல்லியிருக்கிறான்.

பேச்சிப்பாறை டீச்சர் சொன்னபடி, குரலை யாருக்குப் போட்டுக் காட்டலாம் என்று அவனிடம் கேட்டேன். எல்லாருக்கும் காட்டலாம், ஆனால் முதலில் அப்பா கேட்கவேண்டும் என்றான். அப்பா ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமை கரை வருவார். அதுவரை போனை எடுக்கமாட்டேன்.